பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையாக வாங்கியவர் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுவார். அப்புறம் துரு, பிரேக், கிளட்ச். டயருக்குக் கடைசி இடம்தான். "பட்டன் நிறைய இருக்கிறதே, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்று தள்ளிப்போடப்படுவதும் அதுவே. ஆனால் ஒரே நாளில் ஒரு காரின் குணத்தையே மாற்றிவிடக்கூடிய பாகம் டயரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

எவ்வளவு மாற்றும் என்பதற்குப் போர்ஷே கரேரா ஜிடி நல்ல உதாரணம். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்ற இடத்தில் ஏறத்தாழ 21 கி.மீ. நீளமுள்ள பந்தயப் பாதை இருக்கிறது. 2004-ல் வால்டர் ரோல் இந்தக் காரை அங்கே 7 நிமிடம் 28 விநாடியில் ஓட்டினார். இருபது வருடம் கழித்து, 2024-ல், அதே மாடலுக்கென்று புதிதாக உருவாக்கிய மிஷெலின் டயர்களை மாட்டி யோர்க் பெர்க்மைஸ்டர் ஓட்டியபோது 7 நிமிடம் 12 விநாடிதான் ஆனது. ஓட்டியவர் வேறு, பாதையின் தளமும் இடையில் சற்று மாறியிருக்கும், சரி. ஆனால் பழைய காரில் புதிய அம்சம் என்று சொல்ல இருந்தது டயர்தான்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் இருப்பதிலேயே அதிகப் பிடிப்புள்ள டயரை வாங்கிவிட வேண்டியதுதானே" என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறான பக்கம் திரும்புகிறார்கள். போர்ஷேயும் மிஷெலினும் அந்தக் காரின் சஸ்பென்ஷனை மனதில் வைத்து அந்த டயரை உருவாக்கினார்கள். நம் காருக்கு அப்படி யாரும் உட்கார்ந்து டயர் செய்து தரப்போவதில்லை. கடையில் இருப்பதில் எது நம் காரோடு ஒத்துப்போகும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் அடிப்படை தெரிந்தால் போதும்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1989-ல் சிகாகோ மோட்டார் ஷோவில் மாஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் இதன் பெயர் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். இரண்டே இருக்கை, திறந்த கூரை, பின்சக்கர இழுவை, எடை ஏறக்குறைய ஒரு டன், 1.6 லிட்டர் எஞ்சின். 1997 வரை வந்த முதல் தலைமுறைக் கார்கள் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் இன்றும் தினமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேகத்தைவிட வளைவில் ஓட்டும் சுகத்துக்காகவே பெயர் பெற்ற கார் என்பதால், டயர் மாறினால் என்ன மாறும் என்பது இதில் உடனே தெரிந்துவிடும்.

எண்களைப் படிப்பது

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் டயரில் 185/60 ஆர்14 82எச் என்று இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் இருக்கும் நூலிழைகள் குறுக்காக ஓடும் அமைப்பு. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 475 கிலோ தாங்கும். எச் என்பது வேகக் குறியீடு: மணிக்கு 210 கி.மீ. வரை. டி என்றால் 190, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270.

வேகக் குறியீட்டைப் பார்த்து "நான் எங்கே 210-ல் போகப் போகிறேன், டி போதுமே" என்று சிலர் நினைப்பதுண்டு. அந்த எழுத்து வேகத்தை மட்டும் குறிப்பதில்லை. எச், வி டயர்கள் பொதுவாக உள்கட்டமைப்பில் உறுதியானவை. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் தாமதமில்லாமல் திரும்பும். காரோடு வந்த எழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். மேலே போகலாம், தடையில்லை.

சுமைக் குறியீட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதே அளவில் எக்ஸ்எல் என்று குறித்த டயர்களும் வரும். அதிகச் சுமை தாங்குவதற்காகக் கூடுதல் வலுவோடு செய்தவை இவை. கனமான கார்களுக்கு அவசியம். ஒரு டன் காருக்கு அந்த விறைப்பு தேவையில்லை. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே முதுகுக்குத் தெரியும். சாதாரண வகை கிடைக்கும்போது எக்ஸ்எல் எடுக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா?

டயர் பற்றிய பேச்சில் அதிகம் குழப்புவது இந்தக் கேள்விதான். அகலமான டயர் என்றால் தரையில் அதிக ரப்பர் படும், அதனால் அதிகப் பிடிப்பு என்று கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு டன் காரை நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றின் மேலும் 250 கிலோ. எம்எக்ஸ்-5-க்கு மாஸ்டா சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. அதாவது, சதுர செ.மீ.-க்கு ஏறத்தாழ 1.8 கிலோ. 250-ஐ 1.8-ஆல் வகுத்தால் 140 சதுர செ.மீ.-க்குச் சற்றுக் குறைவாக வரும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் உண்மையான பரப்பு இதிலிருந்து சற்று மாறுபடும். ஆனால் ஏறத்தாழ ஒரு உள்ளங்கை அளவுதான் தரையைத் தொடுகிறது.

இந்தக் கணக்கில் அகலம் எங்கேயுமே வரவில்லை, கவனித்தீர்களா? காரின் எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை, 185-க்குப் பதில் 205 போட்டாலும் தொடும் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும். குறுகலான டயரில் அது முன்பின்னாக நீளமாக இருக்கும். அகலமான டயரில் குறுக்காகப் பரந்து முன்பின்னாகக் குறுகியிருக்கும். குறுக்கே பரந்த வடிவம் உலர்ந்த சாலையில், வளைவில் கொஞ்சம் உதவும், உண்மைதான். ஆனால் மழையில் நிலைமை தலைகீழ். அகலமான டயர் தன் முன்னால் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். எடை குறைந்த காரில் அகலமான டயர் போட்டால், தேங்கிய தண்ணீரின் மேல் ஏறி மிதக்க ஆரம்பிக்கும் வேகம் குறைந்துவிடும். பிரிட்டன் போல அடிக்கடி தூறும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

அகலத்தோடு இலவச இணைப்பாக வேறு சிலவும் வரும். பவர் ஸ்டியரிங் இல்லாத எம்எக்ஸ்-5-கள் நிறைய உண்டு. அவற்றில் ஸ்டியரிங் கனமாகிவிடும். சாலையில் லாரிகள் போட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டு கார் இழுபடும். சக்கரத்தின் எடையும் கூடும். மாஸ்டா அந்தக் காருக்குக் கொடுத்த 14 அங்குல அலாய் ஒன்று ஆறு கிலோவுக்கும் குறைவு. அதைக் கழற்றிவிட்டு கனமான 17 அங்குல அலாய் போட்டால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் அந்தக் கூடுதல் எடையைத் தூக்கி இறக்க வேண்டும். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஓட்டும்போது கார் தன் துள்ளலை இழந்திருக்கும்.

வழுக்குவதற்கு முன்னால் டயர் சொல்வது

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பதன் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

வளைவில் திரும்பும்போது, ரிம் பார்க்கும் திசையிலேயே டயர் போவதில்லை. ரப்பர் தரையைப் பற்றி முறுக்கிக்கொள்கிறது; சக்கரம் ஒரு திசையைப் பார்க்க, கார் அதற்குச் சில டிகிரி விலகிய திசையில் நகர்கிறது. இந்தக் கோண வித்தியாசத்திலிருந்துதான் காரைத் திருப்பும் விசையே பிறக்கிறது. கோணம் கூடக் கூட விசையும் கூடும். ஒரு கட்டத்தில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் குறையத் தொடங்கும். அந்த உச்சத்துக்கு அப்பால் போவதைத்தான் வழுக்குவது என்கிறோம்.

உயரமான பக்கச்சுவரும் மிதமான பிடிப்பும் உள்ள டயர் இந்த உச்சத்தை மெதுவாக நெருங்கும், மெதுவாகத் தாண்டும். ஸ்டியரிங் லேசாகும், டயர் முனகும், காரின் பின்பக்கம் நகர ஆரம்பிப்பது இருக்கையிலேயே தெரியும். ஓட்டுபவருக்குக் காலைத் தளர்த்த நேரம் கிடைக்கும். தாழ்ந்த பக்கச்சுவரும் கடும் பிடிப்பும் உள்ள டயரில் உச்சம் உயரமாக இருக்கும், ஆனால் அதன் மறுபக்கம் சரிவு செங்குத்து. அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த கார் அடுத்த நொடியில் சுழன்றுவிடும். அதுவும் முன்பைவிட அதிக வேகத்தில் இருக்கும்போது.

இன்றைய கார்களில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. வழுக்கல் தொடங்கினால் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிமிர்த்திவிடும். 1990-ல் செய்த எம்எக்ஸ்-5-இல் அப்படி எதுவும் கிடையாது. டயர் தரும் முன்னறிவிப்பை வைத்து நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். ஆகவே இந்த வயதுக் காருக்கு எவ்வளவு பிடிப்பு என்பதைவிட, பிடிப்பு எப்படி விடுபடுகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காரின் ஸ்பிரிங், புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறை), வீல் பேரிங், கூரையில்லாத உடல் எல்லாமே அந்தக் காலத்து 185 டயர் தரும் விசைக்குக் கணக்கிட்டுச் செய்தவை. பந்தயப் பாதைக்கான டயரைப் போட்டால் கார் வளைவில் அதிகம் சாயும், சாய்வதால் டயரின் வெளிவிளிம்பு மட்டும் தேயும், முப்பது வருடப் பழைய புஷ்கள் இன்னும் சீக்கிரம் தளர்ந்துபோகும். சஸ்பென்ஷனையும் சேர்த்து மாற்றி, அடிக்கடி டிராக்கில் ஓட்டுபவர் என்றால் அது வேறு கதை. சாலையில் ஓட்டப்போகிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

14-லேயே இருப்பதா, 15-க்குப் போவதா?

1980களில் 185/60 ஆர்14 என்றால் அது ஸ்போர்ட்ஸ் கார் அளவு. பியூஜோ 205 ஜிடிஐ-யின் 1.6 மாடல், இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ எல்லாம் இதே அளவில்தான் வந்தன. இன்று புது ஸ்போர்ட்ஸ் கார்கள் 18, 19 அங்குலத்துக்குப் போய்விட்டன. 14 அங்குலத்தில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் சிறிய குடும்பக் கார்களுக்கான சிக்கன டயர்கள். தேய்மானம் குறைவு, எரிபொருள் மிச்சம், சத்தம் குறைவு என்பதுதான் அவற்றின் குறிக்கோள். ஸ்டியரிங் உணர்வெல்லாம் அடுத்தபட்சம்.

அதனால் எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் பலர் 15 அங்குல ரிம்முக்கு மாறி 195/50 ஆர்15 போடுகிறார்கள். இது நல்ல மாற்றம்தான், காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 185/60 ஆர்14-இன் மொத்த விட்டம்: ரிம் 355.6 மி.மீ., மேலும் கீழும் பக்கச்சுவர் 222 மி.மீ., ஆக 577.6. 195/50 ஆர்15-க்கு 381-உடன் 195 சேர்த்தால் 576. வித்தியாசம் இரண்டு மி.மீ. கூட இல்லை. ஸ்பீடோமீட்டரும் கியர் விகிதமும் அப்படியே இருக்கும். இதற்கு அடுத்த தலைமுறை எம்எக்ஸ்-5-இல் மாஸ்டாவே இந்த அளவைக் கொடுத்தது. இந்த அளவில் ஸ்போர்ட்டியான டயர்களும் ஓரளவு கிடைக்கின்றன: டோயோ, யோகோஹாமா, பிரிட்ஜ்ஸ்டோன் என்று தேர்வுக்கு இடம் இருக்கிறது.

அதே 15 அங்குலத்தில் 195/55 போட்டால் விட்டம் 595.5 ஆகிவிடும். மூன்று சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணுக்கு மேலாகவே கார் போகும். ஒவ்வொரு கியரும் சற்று மந்தமாகும். டயரின் அகலம், உயரம், ரிம் மூன்றையும் வைத்து இப்படி நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். ஒன்றரை சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. வேறு அலாய் வாங்குகிறீர்கள் என்றால் போல்ட் அமைப்பு (எம்எக்ஸ்-5-க்கு நான்கு போல்ட், 100 மி.மீ.), நடுத்துளையின் அளவு (54.1 மி.மீ.) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் ஸ்டியரிங் நடுங்கும். இந்தக் கார் அந்த விஷயத்தில் ரொம்பவே தொட்டாற்சுருங்கி. பிரிட்டனில் இருப்பவர்கள் ரிம் அளவு மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுவதும் அவசியம்.

சில பழைய கார்களுக்கு இந்தச் சுதந்திரமே இல்லை. மிஷெலின் 1970களில் டிஆர்எக்ஸ் என்று ஒரு வகை கொண்டுவந்தது. அதன் ரிம்கள் அங்குலத்தில் இல்லை, மில்லிமீட்டரில். 390 மி.மீ. ரிம் என்றால் 15 அங்குலத்தைவிட 9 மி.மீ. பெரிது, சாதாரண டயர் எதுவும் அதில் உட்காராது. அந்தக் காலத்து பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, ஃபெராரி கார்கள் சிலவற்றில் இது உண்டு. பழைய கார் வாங்கப் போகும்போதே ரிம்மைப் பார்த்துவிடுங்கள். டிஆர்எக்ஸ் டயரை மிஷெலின் இன்னும் தயாரிக்கிறது, ஆனால் விலை உங்களை உட்கார வைத்துவிடும்.

எந்த வகை?

சாலையில் மட்டும் ஓடும் எம்எக்ஸ்-5-க்கு நல்ல தரமான கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் என்பதே என் முதல் தேர்வு. 14 அங்குலத்திலேயே இருக்க விரும்பினால், பேர்பெற்ற கம்பெனியின் நல்ல டூரிங் டயர், அதாவது சொகுசான அன்றாட ஓட்டத்துக்கான வகை. இரண்டாவதைக் குறைவாக எண்ண வேண்டாம். கார் வந்த நாளில் அதில் இருந்த டயரின் பிடிப்பு இன்றைய நல்ல டூரிங் டயரைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். ரப்பர்க் கலவை இந்த முப்பது வருடத்தில் அவ்வளவு முன்னேறியிருக்கிறது. குறிப்பாக ஈரத்தில்.

ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் ஒரு லேபிள் இருக்கும். ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை தரம் கொடுத்திருப்பார்கள். அதில் ஏ அல்லது பி வாங்குங்கள். எரிபொருள் சிக்கனத்துக்கான எழுத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வாரக் கடைசியில் மட்டும் வெளியே வரும் காருக்கு அது பெரிய காசு மிச்சப்படுத்தப் போவதில்லை.

அமெரிக்கச் சந்தைக்கான டயரின் பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். எண் பெரிதானால் மெதுவாகத் தேயும். சிக்கன டயர்களில் 500, 600 பார்க்கலாம். டிராக் டயர்களில் 200 அல்லது அதற்கும் கீழே. இந்த எண்ணைக் கம்பெனியே போட்டுக்கொள்வதால் ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொன்றின் 300-உடன் ஒப்பிட முடியாது. ஆனால் உங்கள் கார் வருடத்துக்கு மூவாயிரம் கி.மீ. ஓடுகிறது என்றால் 600 எண் கொண்ட டயருக்குக் காசு கொடுப்பதில் பலனே இல்லை. அது தேய்ந்து முடிவதற்குள் வயதாகிவிடும். நீண்டநாள் உழைப்பதற்காகக் கடினமாக்கிய ரப்பரை வாங்கி, அந்த உழைப்பைப் பயன்படுத்தாமலே தூக்கிப் போடுவீர்கள். கொஞ்சம் மென்மையானதையே வாங்குங்கள்.

டிராக் டயர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் சூடு. அந்த ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் ஒட்டும். காலையில் கடைத்தெரு வரை போய்வரும் ஓட்டத்தில் அது சூடாகவே ஆகாது. பட்டன் இடைவெளிகளும் குறைவு என்பதால் மழையில் தண்ணீர் வெளியேற வழியிருக்காது. குளிர்நாட்டில் சாதாரணக் கோடை டயரே 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். குளிர்காலத்திலும் தினமும் ஓட்டுபவர் ஆல்-சீசன் டயரைப் பார்க்கலாம்.

பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்த விபத்தில் நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டிய அவர் நண்பரும் இறந்தார்கள். கார், மேலே சொன்ன அதே கரேரா ஜிடி. அளவுக்கு மீறிய வேகம்தான் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. ஆனால் அந்த அறிக்கை இன்னொன்றையும் குறிப்பிட்டது: டயர்கள் ஒன்பது வருடம் பழையவை, அதுவும் காரின் நிலைப்பைப் பாதித்திருக்கலாம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய அபாயம் இது. தினமும் ஓடும் காரில் டயர் தேய்ந்து முடிந்து மாற்றிவிடுவோம். ஷெட்டில் நிற்கும் காரில் டயர் தேயாது, முதிரும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சூடும் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிடுகின்றன. இதைத் தடுக்க ரப்பருக்குள் மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருப்பார்கள். டயர் சுழன்று வளைந்து நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்றாக வரும். நின்றே கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. எனவே "கார் அதிகம் ஓடவே இல்லை, டயர் புதுசு மாதிரி இருக்கு" என்று விற்பவர் சொன்னால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் முடிவில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முன் செய்த டயர். மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், கழற்றிவிடுங்கள். இந்த எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளியே காணவில்லையென்றால் காருக்குக் கீழே தலையை நீட்டி உள்பக்கம் பாருங்கள். அப்படிப் பார்க்கும்போதே பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடியை விரல்நகத்தால் நீவிப் பாருங்கள். வெடிப்பு முதலில் தெரியும் இடங்களில் அதுவும் ஒன்று. பக்கச்சுவரில் மயிரிழைக் கோடுகள் வலைபோல ஓடியிருந்தால் டயர் தன் காலத்தை முடித்துவிட்டது என்று பொருள்.

எத்தனை வருடம் வரை? ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் ஆளிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்கிறது மிஷெலின். சில கார்க் கம்பெனிகள் ஆறு வருடம் என்கின்றன. பின்சக்கர இழுவையும் கம்ப்யூட்டர் உதவி இல்லாமையும் சேர்ந்த காருக்கு நான் ஆறு, ஏழோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பட்டன் ஆழத்துக்குப் பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் சட்ட வரம்பு 1.6 மி.மீ.; மழையில் ஓட்டுவதாக இருந்தால் 3 மி.மீ.-லேயே மாற்றுவது நல்லது.

கடையில்

பழைய டயரைக் கழற்றியதும் கடைக்காரர் ஓரமாக உருட்டிவிடுவார். அதற்கு முன் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டில் கோளாறு. இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதற்கும் இதே கதிதான்.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒரே மாடலாக. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலந்தால் காரின் சமநிலையே கெட்டுப்போகும். எம்எக்ஸ்-5 போன்ற காரின் சிறப்பே அந்தச் சமநிலைதான். இரண்டு மட்டும் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் புதியவை பின்னால் போகட்டும். முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் அப்படித்தான். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும். சுபாரு போன்ற நான்குசக்கர இழுவைக் கார்களில் ஒரு டயரை மட்டும் மாற்றுவது கியர்பெட்டிக்கே கேடு. நான்கு டயர்களின் சுற்றளவிலும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது அந்தக் கம்பெனி.

புது டயரின் தேதியை மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நான்கையும். தினசரிக் காருக்கு ஒன்றரை வருடம் கிடங்கில் இருந்த டயர் பரவாயில்லை. நீங்களோ தேய்மானத்தால் அல்ல, வயதால் மாற்றப் போகிறவர். கிடங்கில் கழிந்த ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில் நட்டம். "புது சரக்கு எப்போ வரும்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

காற்று விஷயத்தில் கொஞ்சம் உறுதியாக நில்லுங்கள். பல கடைகளில் எந்தக் கார் வந்தாலும் கை பழக்கத்தில் 32, 33 ஏற்றிவிடுவார்கள். எம்எக்ஸ்-5-க்கு 26 தான். ஆறு பிஎஸ்ஐ கூடினால் மேலே போட்ட கணக்கின்படி தரையைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். கார் சாலையில் துள்ளும், "புது டயர் சரியில்லை" என்று டயர் மேல் பழி விழும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டி அதன்படி வைக்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில்

எம்எக்ஸ்-5 இந்தியாவில் விற்கப்படவே இல்லை. ஆனால் மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான் 1.6, திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லான்சர், அந்தக் கால ஹோண்டா சிட்டி விடெக் போன்ற கார்களை இன்னும் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் இதே கணக்குதான்: கதவோரத்து அளவு, விட்டம் மாறாமை, நான்கும் ஒன்று, தேதி. இரண்டு விஷயம் மட்டும் கூடுதல். ஒன்று, 2020 ஜூன் முதல் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் டயர்கள் எல்லாம் எல்லா அளவிலும் கிடைக்காது, கிடைத்தாலும் ஐஎஸ்ஐ முத்திரையும் தேதியும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று வெயில். திறந்த வெளியில் நிற்கும் கார் என்றால் குளிர்நாட்டுக் கணக்கைவிட ஒன்றிரண்டு வருடம் முன்னதாகவே மாற்றுவது பற்றி யோசியுங்கள். 7 டிகிரி பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம், மழைக்காலம் பற்றிய கவலை நிச்சயம் வேண்டும்.

மாட்டிய பிறகு

புது டயரின் மேல், அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய வழவழப்பு மிச்சமிருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கி.மீ. வரை வளைவுகளில் அவசரம் வேண்டாம். மழையில் இன்னும் நிதானம். மாட்டிய பிறகு எண்பது, நூறு கி.மீ. ஓடியதும் போல்ட்களின் இறுக்கத்தை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள், குறிப்பாக அலாய் மாற்றியிருந்தால். அலைன்மென்ட்டை முதல் வாரத்திலேயே முடியுங்கள். முடிந்தால் ஓட்டுநர் எடைக்கு ஈடாக இருக்கையில் ஏதாவது வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரு டன் காரில் எழுபது கிலோ கணிசமான வித்தியாசம்.

கார் பல வாரம் நிற்கப் போகிறது என்றால் காற்றைச் சில பிஎஸ்ஐ கூட்டி வைத்து, இடையில் ஒருமுறை அரை அடி உருட்டி நிறுத்துங்கள். ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவது குறையும். ஓட்டப்போகும் அன்று, டயர் சூடேறுவதற்கு முன், மறுபடி 26-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். நான்கு டயரையும் பலமுறை மாற்றியவர்கள்கூட அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். பழைய எம்எக்ஸ்-5 பலவற்றில் கம்பெனி கொடுத்த அதே மெல்லிய ஸ்டெப்னி, கார் செய்த வருடத்தின் மூன்று இலக்க எண்ணோடு, இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. அதையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நல்ல பஞ்சர் கிட்டும் சிறிய கம்ப்ரஸரும் வாங்கி அந்த இடத்தில் வையுங்கள்.